வேகன்ஆரா, ஐ10-ஆ: உப்புக் காற்றடிக்கும் ஊரில் ஒரு பழைய கார்

கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு, இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் பழைய சிறிய கார் தேடுகிறவர் சுற்றிச் சுற்றி இரண்டு பெயர்களில் வந்து நிற்பார். ஒன்று மாருதி வேகன்ஆர், மற்றொன்று ஹூண்டாய் ஐ10. ஆல்ட்டோவின் பின் இருக்கையில் மூன்று பெரியவர்கள் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும். அந்த விலைக்கு ஸ்விஃப்ட் டீசல் கிடைத்தால் அது ஓடித் தேய்ந்ததாக இருக்கும். டர்போ, இன்ஜெக்டர் என்று கை வைக்கிற இடமெல்லாம் பெரிய செலவு. ஃபோர்டு ஃபிகோ ஓட்ட நல்ல கார்தான். ஆனால் 2021-இல் அந்த நிறுவனம் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்த பிறகு, பத்து ஆண்டு வைத்துக்கொள்ள நினைக்கிறவன் அந்தப் பக்கம் போக யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் வாங்கியது 2014 வேகன்ஆர். எனவே தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதற்காக ஐ10-ஐ ஏறெடுத்துப் பார்க்காமல் ஒதுக்கியவன் இல்லை. தக்கலையிலும் நாகர்கோவிலிலும் சில ஐ10-களை ஓட்டிப் பார்த்தேன். தம்பி வீட்டில் ஒன்று பல ஆண்டுகளாக நிற்கிறது. அதற்கு அவன் செய்யும் செலவு எனக்கு நன்றாகவே தெரியும். இங்கே பேசுவது 2010-இல் வந்து, 2019 தொடக்கத்தில் புதிய வடிவம் வரும்வரை விற்ற வேகன்ஆரையும், 2007-இல் வந்த முதல் ஐ10-ஐயும்தான். கிராண்ட் ஐ10 வேறு கார், அதன் விலையும் வேறு.

சட்டென்று முடித்துவிடக்கூடியவை

ஓட்டும் சுகத்தில் ஐ10 ஒரு படி மேல். ஸ்டியரிங் இலகு, கதவைச் சாத்தினால் கனமான சத்தம், உள்ளே இரைச்சல் குறைவு. நான்கு சிலிண்டர் என்ஜின் என்பதால் சிக்னலில் நிற்கும்போது அதிர்வு தெரியாது. வேகன்ஆரின் மூன்று சிலிண்டர் என்ஜின், ஏசி போட்டு நின்றால் இருக்கையில் மெல்லிய நடுக்கத்தைக் கொடுக்கும். பழகிவிட்டால் கவனத்துக்கு வராது. என்ஜின் மவுன்ட் ரப்பர் போன காரில் மட்டும் பல் ஆடும்.

ஏறி இறங்குவதில் வேகன்ஆர் மேல். மூட்டு வலி உள்ள என் மாமியார் ஐ10-இல் இறங்கும்போது கதவைப் பிடித்து எழ வேண்டியிருந்தது. வேகன்ஆரில் நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்து எழுகிறார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை ஓட்டிப் பார்க்கும்போதே அவர்களையும் ஏற்றி இறக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

அகலம் நம் ஊருக்கு முக்கியம். இரண்டு பக்கமும் மதிற்சுவர், நடுவில் ஒரு ஆட்டோ போகும் அளவுக்கு வழி என்பதுதான் இந்த மாவட்டத்தில் பாதி வீடுகளின் நிலைமை. வேகன்ஆர் ஐ10-ஐவிட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் ஒல்லி. எங்கள் சந்தில் கண்ணாடியை மடக்காமல் நுழைய முடிகிறது. ஆனால் உயரம் கூடுதல். ஒல்லியும் உயரமும் சேர்ந்ததன் விலையை ஆரல்வாய்மொழி தாண்டும்போது கொடுக்க வேண்டும். ஆடிக்காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே வேகன்ஆர் தடம் மாறப் பார்க்கும். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து 60-க்குக் கீழே வந்துவிடுகிறேன். ஐ10 அங்கே அசையாமல் போகிறது என்று சொல்ல முடியாது, ஆனால் ஓட்டுகிறவர் பேசிக்கொண்டே போகலாம். வாரந்தோறும் திருநெல்வேலி போகிறவர் இந்த ஒரு காரணத்துக்காகவே ஐ10 வாங்கினால் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

பெட்ரோல் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நாகர்கோவில் நெரிசலில் லிட்டருக்கு 14, நெடுஞ்சாலையில் 18 என்ற அளவில் இரண்டும் வந்து நிற்கும்.

ஆர்சி புத்தகத்தில் பார்க்க வேண்டிய ஓர் எண்

ஐ10 என்று ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே இரண்டு வெவ்வேறு பெட்ரோல் என்ஜின்கள் உண்டு. ஆர்சியில் 1086 சிசி என்றிருந்தால் அது பழைய வகை 1.1 லிட்டர்; அதில் வால்வுகளைப் பிஸ்டனோடு நேரம் தவறாமல் இயக்க டைமிங் பெல்ட். 1197 என்றிருந்தால் கப்பா என்ஜின். அதில் அதே வேலைக்கு டைமிங் செயின். விற்கிறவர் பலருக்கே இது தெரியாது, தெரிந்தவர் சொல்வதில்லை.

பெல்ட் என்பது ரப்பர். ஓடிய தூரத்தால் மட்டுமல்ல, வயதாலும் அது கெடும். பத்து, பன்னிரண்டு ஆண்டுக் காரில் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் இல்லையென்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஓட்டத்தில் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். பெல்ட், டென்ஷனர், அதே வேலையோடு வாட்டர் பம்ப் ஆகியவற்றின் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். வேகன்ஆரின் 998 சிசி கே-சீரிஸ் என்ஜினில் செயின்தான். எண்ணெயை நேரத்துக்கு மாற்றிய காரில் செயினைத் தொட வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை. காலையில் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது முன்பக்கத்திலிருந்து சலசலவென்று சத்தம் கேட்டு அது அடங்க நேரம் எடுத்தால், எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று பொருள். ஆகவே காரைப் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். ‘இப்போதுதான் ஒரு சுற்றுப் போய் வந்தோம்’ என்று சூடான காரைக் காட்டுகிறவரிடம் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடுங்கள்.

அந்த 998 என்ற எண்ணுக்கு இன்னொரு லாபமும் உண்டு. 2022 ஜூனில் அமலுக்கு வந்த மூன்றாம் நபர் காப்பீட்டு விகிதப்படி 1000 சிசிக்குள் உள்ள காருக்கு ஆண்டுக்கு ரூ. 2,094, அதைத் தாண்டி 1500 வரை ரூ. 3,416. ஜிஎஸ்டி சேர்த்தால் வேறுபாடு ஏறக்குறைய 1,560 ரூபாய். ஐ10-இன் இரண்டு என்ஜினுமே மேல் தட்டில்தான் வருகின்றன, சின்ன என்ஜின் உட்பட. பழைய காருக்கு முழுக் காப்பீடு எடுக்காமல் மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுக்கிறவர்களுக்கு இது கண்ணில் படுகிற தொகை. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி காரோடு வராது, அது பழைய உரிமையாளரோடு போய்விடும் என்பதையும் பேரம் பேசும்போது நினைவில் வையுங்கள்.

உப்பு

என் முடிவைத் தீர்மானித்தது மேலே சொன்ன எதுவும் இல்லை. நான் இருப்பது மணவாளக்குறிச்சிப் பக்கம். கடல், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். வாசல் கிரில்லுக்கு ஆண்டுதோறும் பெயிண்ட் அடித்தும் வெல்டிங் வைத்த மூலைகளில் துரு பூக்கிறது. சொத்தவிளையிலிருந்து தேங்காய்ப்பட்டணம் வரை கடற்கரையை ஒட்டி வசிக்கிற எவருக்கும் இது புதிய செய்தி இல்லை. அதோடு தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இந்த மாவட்டத்தை நனைக்கின்றன. உப்பும் ஈரமும் சேர்ந்து ஆண்டில் பாதி நாள் காரின் அடிவயிற்றில் உட்கார்ந்திருக்கின்றன. சென்னையில் எழுதப்படும் கார் அலசல்களில் என்ஜினும் மைலேஜும் முதலில் வரும். இங்கே முதலில் வர வேண்டியது தகடு.

இரண்டில் எது குறைவாகத் துருப்பிடிக்கும்? ஐ10-இன் தகடு கெட்டி, மாருதி தகடு பப்படம் என்று டீக்கடைப் பேச்சு உண்டு. அடிப்பாகம் தெரியும்படி ராம்ப்பில் ஏற்றிப் பார்த்த கார்களை வைத்துச் சொல்வதென்றால் கம்பெனியைவிட முகவரிதான் முக்கியம். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே வளர்ந்த வேகன்ஆரின் அடிப்பாகம் பத்து ஆண்டு கழித்தும் சுத்தமாக இருந்தது. கடற்கரைக் கிராமம் ஒன்றில் நின்ற, அதைவிட வயது குறைந்த ஐ10-இன் கதை வேறு. வெளியே பளபளவென்று வெள்ளை பெயிண்ட். எங்கள் மெக்கானிக் கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் தகட்டை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தார். முன்பாதியில் ‘டங் டங்’ என்று ஒலித்தது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் சத்தம் ‘தொப்’ என்று மாறியது. அங்கே நகத்தால் சுரண்டியதும் துருவை மறைக்கப் பூசிய பட்டி உதிர்ந்தது, அதன் பின்னால் காப்பிப்பொடி நிறத்தில் தகடு செதில் செதிலாக அவர் உள்ளங்கையில் விழுந்தது. விற்றவர் வானத்தைப் பார்த்தார்.

ஆகவே ஆர்சியில் உள்ள முகவரியை முதலில் பாருங்கள். பிறகு காரை ராம்ப்பில் ஏற்றுங்கள். அடிப்பாகத்தில் கறுப்பாக, புத்தம் புதிதாக அண்டர்பாடி கோட்டிங் அடித்திருந்தால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். பழைய காரில் விற்பதற்கு முந்தின வாரம் அடித்த கோட்டிங் துருவை மூடுவதற்குத்தான். பின்பக்க ஆக்சில் பீம், ஸ்பிரிங் உட்காரும் தட்டு, பிரேக் குழாய்கள், சைலன்சர் இணைப்புகள், ஸ்டெப்னி குழியின் அடித்தகடு ஆகிய இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே படரும் செந்நிறத் துரு பெரிய விஷயமில்லை. செதிலாகக் கழன்று வருவதும், தொட்டால் அமுங்குவதும்தான் ஆபத்து. கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சின்னத் துளைகள் இருக்கும். கடற்கரைக் கார்களில் அவை மணலாலும் சருகாலும் அடைபட்டு, கதவுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். கதவை வேகமாக ஆட்டிப் பார்த்தால் சில கார்களில் உள்ளே தண்ணீர் குலுங்குவதுகூடக் கேட்கும்.

தகட்டோடு உப்பு நிற்பதில்லை. ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கன்டென்சர் காரின் முகப்பில், காற்று நேராக அடிக்கிற இடத்தில் இருக்கிறது. அலுமினியச் சிறகுகள் சில ஆண்டுகளில் சாம்பல் நிறமாகி, விரல் பட்டாலே உதிரும். பிறகு எங்கோ ஊசிமுனைத் துளை விழுந்து கேஸ் கசியும். ஒவ்வொரு கோடையிலும் கேஸ் நிரப்பியே காலம் தள்ளுகிற கார்கள் இங்கே ஏராளம். வாங்கும் முன் நடுப்பகலில் ஏசியைப் போட்டுக் காரை நின்ற இடத்திலேயே கால் மணி நேரம் ஓடவிடுங்கள். ஓடும்போது குளிர்ந்து, நின்றால் வெதுவெதுப்பாகிறதென்றால் முதலில் கன்டென்சரையும் அதன் மின்விசிறியையும் சந்தேகிக்க வேண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்றால் பொருளின் விலையோடு டேஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலியும் சேரும். அது இரண்டு காரிலும் ஒரு நாள் வேலை.

மின் இணைப்புகளை அடுத்துப் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் கம்பி பாடியில் முறுக்கப்பட்டிருக்கும் இடத்தில் பச்சைப் பொடி பூத்திருந்தால், இன்றைக்கு ஸ்டார்ட் ஆகும், நாளைக்கு ஆகாது. செல்ஃப் மோட்டார் போய்விட்டது என்று சொல்லி மாற்றப்படும் பலவற்றில் உண்மையான குற்றவாளி இந்தப் பச்சைப் பொடிதான். உப்புத்தாளால் தேய்த்து, கிரீஸ் தடவி, நட்டை முறுக்கினால் தீர்ந்துவிடும்.

குளிர்விக்கும் தண்ணீர் இன்னும் பெரிய தலைவலி. கடலோரத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். ரேடியேட்டரில் அளவு குறைகிறதென்றால் கூலன்ட் வாங்கச் சோம்பல்பட்டு அந்தத் தண்ணீரையே ஊற்றிவிடுவார்கள். வேகன்ஆரின் கே-சீரிஸ், ஐ10-இன் கப்பா இரண்டுமே அலுமினிய என்ஜின்கள். உப்புத் தண்ணீர் உள்வழிகளை அரித்து, காவி படிந்து, ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். என்ஜின் ஒரு முறை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளையும், கேஸ்கெட் போகும். குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ சிவப்போ தெளிவாக இருந்தால் சரி. தேநீர்போலப் பழுப்பாக இருந்தால் மூடிவிட்டு நடையைக் கட்டலாம், விலை எவ்வளவு குறைந்தாலும். அதே கிணற்றுத் தண்ணீரில் காரைக் கழுவுவதும் துருவுக்குத் தீனி போடுவதுதான். நான் மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கழுவுகிறேன். சங்குத்துறை மணலில் இறக்கிவிட்டு வந்த அன்றே அடிப்பாகத்தில் பைப் பிடித்துவிடுகிறேன்.

கை பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்காலத்தில் ஒரு வாரம் கார் நிற்கப் போகிறதென்றால் கை பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள். பின்சக்கர டிரம்முக்குள் ஷூ ஒட்டிக்கொள்ளும், கேபிளும் உறைக்குள் துருப்பிடித்து இறுகும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும்.

இவ்வளவையும் கேட்டால் உப்பு இரண்டு காரையும் ஒரே மாதிரிதானே தின்கிறது என்று தோன்றும். தின்பது ஒரே மாதிரிதான். தின்றதை மாற்ற வேண்டிய நாளில்தான் இரண்டும் பிரிகின்றன. கடலோரத்தில் வாழ்கிற கார், மற்ற ஊர்க் கார் எட்டு ஆண்டில் கேட்கும் பொருளை நான்கைந்து ஆண்டிலேயே கேட்கும். கன்டென்சர், ரேடியேட்டர், சைலன்சர், லோயர் ஆர்ம், பிரேக் சிலிண்டர் என்று மாறி மாறி ஏதாவது ஒன்று. ஆகவே அந்தப் பொருள்களின் விலையும், அவை எவ்வளவு விரைவாகக் கிடைக்கின்றன என்பதும் வேறெங்கையும்விட இங்கே இரட்டிப்பு முக்கியம்.

வேகன்ஆர் இதில் தூக்கலாக நிற்கிறது. அதே 998 சிசி கே-சீரிஸ் (கே10) என்ஜின் ஏ-ஸ்டார், எஸ்டிலோ, ஆல்ட்டோ கே10, செலேரியோ என்று ஒரு குடும்பத்துக்கே போடப்பட்டது. அதனால் என்ஜின் சாமான் எந்த உதிரிபாகக் கடையிலும் அலமாரியில் இருக்கிறது. அசல் வேண்டுமா, இரண்டாம் தரமா, கழிவுக் கார்களிலிருந்து எடுத்ததா என்று மூன்று விலை சொல்வார்கள். என் காருக்குக் கன்டென்சர் தேவைப்பட்டபோது நாகர்கோவிலில் கேட்ட கடையிலேயே எடுத்து வைத்தார்கள். மாலைக்குள் வேலை முடிந்தது. தம்பியின் ஐ10-க்கு அதே பொருள் மறுநாள் திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் வந்தது, விலையும் கூடுதல். ஐ10-க்குச் சாமானே கிடைக்காது என்பதில்லை. கப்பா என்ஜினை கிராண்ட் ஐ10, ஐ20 போன்றவற்றிலும் போட்டிருப்பதால் என்ஜின் பொருள்களுக்குப் பஞ்சம் இல்லை. முன் பம்பர், ஹெட்லைட், கதவு, மட்கார்டு போன்ற பாடிப் பொருள்களுக்குத்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது. துரு கேட்பது பெரும்பாலும் பாடிப் பொருள்களைத்தானே.

கூலியிலும் வேறுபாடு தெரிகிறது. இராஜாக்கமங்கலம், குளச்சல், கருங்கல் என்று எந்தச் சந்திப்பில் நின்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வேகன்ஆரைக் கழற்றி மாட்டுகிற ஒரு பட்டறை உண்டு. எண்ணெய், ஃபில்டர், சிறு சில்லறை வேலைகள் சேர்ந்த வழக்கமான சர்வீஸ் எனக்கு மூவாயிரத்தைத் தாண்டுவது அரிது. என்ஜினில் ஊற்றுவதே ஏறக்குறைய 3 லிட்டர்தான். தம்பி ஒவ்வொரு முறையும் அதைவிட ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கூடுதலாகக் கொடுக்கிறான். அவன் போவது பெரிய பட்டறை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

ஐ10 வாங்கப் போகிறவருக்கு

ஐ10-இல் எல்லோரும் சொல்கிற குறை ஸ்டியரிங்கில் ‘டக் டக்’. மேடு பள்ளத்தில் போகும்போதோ, நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் ஆட்டும்போதோ கையில் தட்டும். ஸ்டியரிங் ராக் போய்விட்டது என்று பெரிய எஸ்டிமேட் போடுவதற்கு முன், ஸ்டியரிங் தண்டில் உள்ள மோட்டாருக்குள் இருக்கும் சின்ன ரப்பர் கப்ளிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். நட்சத்திர வடிவில் உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள். சில நூறு ரூபாய்தான். தண்டைக் கழற்றி மாட்டும் கூலிதான் அதைவிட அதிகம். இது தெரியாமல் ஸ்டியரிங் தண்டையே மாற்றியவர்கள் உண்டு. இந்தச் சத்தத்தைக் காட்டியே விற்கிறவரிடம் நன்றாக விலை குறைக்கலாம்.

முன் சஸ்பென்ஷனில் லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், ஸ்ட்ரட் மவுன்ட் ஆகியவை இரண்டு காரிலும் தேய்பவைதான். நம் சாலைகளில் எந்தக் காருக்கும் அதிலிருந்து விடுதலை இல்லை. சத்தம் கேட்டால் ஒன்றை மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றினால் அலைன்மென்ட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுக்க வேண்டியதில்லை. வேகன்ஆரில் சக்கர பேரிங் இரைச்சலையும் கவனியுங்கள்: 50-ஐத் தாண்டியதும் விமானம்போல ஊளையிட்டு, வளைவில் சத்தம் கூடிக் குறைந்தால் அதுதான்.

வெளிநாட்டுக்காரர் கார், கேரளக் கார்

இந்த மாவட்டத்தில் வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்கள் அதிகம் என்பதால், ‘ஆண்டுக்கு ஒரு மாதம்தான் ஓடியது, முப்பதாயிரம் கிலோமீட்டர்கூட ஆகவில்லை’ என்ற கார்கள் அடிக்கடி விற்பனைக்கு வரும். எல்லோரும் பாய்ந்து போய் வாங்குவார்கள். எனக்கு அந்தக் கார்கள் மேல் ஆசை இல்லை. தார்ப்பாய் போட்டு மூடி போர்ட்டிக்கோவில் நிற்கும் காருக்குள் ஈரம் அடைந்து கிடக்கும். கால்மிதியைத் தூக்கினால் பூஞ்சை வாடை அடிக்கும். டயரின் தடம் ஆழமாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருக்கும். எலி கடித்த ஒயரிங்கைத் தேடி எலக்ட்ரீஷியன் ஒரு வாரம் திணறுவார். டேங்கில் எத்தனால் கலந்த பெட்ரோல் மாதக்கணக்கில் தேங்கினால் அது காற்றின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். தினமும் நாகர்கோவில் போய் வந்த ஆசிரியர் ஒருவரின் எண்பதாயிரம் கிலோமீட்டர் காரை, ஓடாத அந்த முப்பதாயிரத்தைவிட நம்பி வாங்கலாம் என்பது என் கட்சி. நான் வாங்கியது அப்படி ஒரு கார்தான்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் விலை குறைவு என்று திருவனந்தபுரத்தில் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். கேஎல் எண்ணுள்ள காரைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அங்கிருந்து என்ஓசி (தடையில்லாச் சான்று), கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல், இங்கே காரின் வயதைப் பொறுத்துச் சாலை வரி, பிறகுதான் டிஎன் 74 அல்லது டிஎன் 75. அங்கே மிச்சப்படுத்திய தொகை இந்த அலைச்சலில் எவ்வளவு கரையும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்கு முந்தைய கேரளக் கார் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறைக் கோடு இருந்தால் அது மூழ்கி எழுந்த கார்.

எந்தக் காராக இருந்தாலும் பதிவான ஆண்டோடு 15-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள். 2012 கார் 2027-இல் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு அதற்கான கட்டணமே ரூ. 5,000, பசுமை வரி தனி. சோதனைக்குப் போகும் முன் டிங்கரிங், பெயிண்டிங் என்று செய்கிற வேலைகள் அதைவிடப் பெரிய தொகை. கடலோரக் காருக்கு இந்த எஃப்சி (தகுதிச் சான்று) நேரத்தில்தான் அடித்தகட்டின் உண்மை வெளியே வரும். அதற்கு ஓர் ஆண்டு முன்னால் பலர் விற்பதற்கும் அதுவே காரணம்.

எனக்கு அனுபவம் குறைந்த இடங்கள்

2015 இறுதியிலிருந்து வந்த, கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றும் ஏஎம்டி வேகன்ஆரை நான் ஓட்டிப் பார்த்ததோடு சரி. மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நிற்கும் நெரிசலில் அது சொர்க்கமாக இருந்தது. ஆனால் கியர் மாற்றும் அந்தக் கருவி பத்து ஆண்டுக்குப் பிறகு உப்புக் காற்றில் எப்படி நடந்துகொள்ளும் என்பதை வைத்திருந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். நான் பயந்துகொண்டு கிளட்ச் உள்ளதை எடுத்தேன். எல்பிஜி, சிஎன்ஜி வேகன்ஆர்களும் கிடைக்கின்றன. பிறகு மாட்டிய கிட் என்றால் ஆர்சியில் அது பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்பதைத் தவிர அதில் எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. இருபது சதவீத எத்தனால் பெட்ரோலுக்காக இந்த வயதுக் கார்கள் வடிவமைக்கப்பட்டவை அல்ல. லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்ததுபோல எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அதே நேரத்தில் டயரும் மாற்றினேன் என்பதால் அதை அடித்துச் சொல்ல மாட்டேன். எரிபொருள் குழாய்களின் ரப்பரை மட்டும் சர்வீஸுக்குச் சர்வீஸ் வளைத்துப் பார்த்துவிடச் சொல்கிறேன்.

வேகன்ஆர் வாங்கியவனே ஐ10-ஐ எடுத்துக்கொள் என்று சொல்லும் நிலைமையும் உண்டு. 1197 சிசி, ஆர்சி முகவரி மலைப்பக்கம், ஒரே உரிமையாளர், ரேடியேட்டரில் தெளிந்த கூலன்ட், ராம்ப்பில் ஏற்றினால் பழைய கோட்டிங் பழையதாகவே தெரிகிறது, வீட்டில் முழங்கால் வலிக்காரர் யாரும் இல்லை. இத்தனையும் பொருந்தி, அதே ஆண்டு வேகன்ஆரைவிட இருபதாயிரமாவது குறைவாகக் கேட்டால் வாங்கிவிடலாம். வேகன்ஆருக்கு இங்கே கிராக்கி அதிகம் என்பதால் அந்த விலை வேறுபாடு பெரும்பாலும் கிடைக்கவே செய்யும். ஐந்து ஆண்டு கழித்து விற்கும்போது அதே வேறுபாடு உங்கள் பக்கத்திலிருந்து போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.